92 இருக்கைகள்: பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் ஒரு தற்காலிக ஏற்பாடு கால் நூற்றாண்டு நீடித்தது எப்படி

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேல்சபையான பிரபுக்கள் சபை பற்றிய 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆறே பிரிவுகள். முதல் பிரிவு ஒரு வரிதான்: பரம்பரைப் பட்டம் இருப்பதாலேயே எவரும் பிரபுக்கள் சபையில் உறுப்பினராக இருக்கலாகாது. தந்தையிடமிருந்து மகனுக்கு நூற்றாண்டுக் கணக்கில் கைமாறி வந்த சட்டமியற்றும் உரிமை அந்த ஒரு வரியில் முடிந்தது. அடுத்த பிரிவோ உடனே ஒரு விலக்கு தந்தது. எந்த நேரத்திலும் 90 பேரும், அரச சடங்குப் பதவி வகிக்கும் இருவரும் சபையில் நீடிக்கலாம். அப்படி விலக்குப் பெற்ற ஒவ்வொருவரும், நாடாளுமன்றம் வேறு சட்டம் இயற்றாதவரை, ஆயுள் முழுக்க உறுப்பினர்.

அந்த 92 பேரும் சில ஆண்டுகளுக்குத்தான் என்று அன்றைக்கு ஆளுங்கட்சியும் சொன்னது, எதிர்க்கட்சியும் சொன்னது. சபை முழுமையாக மாற்றியமைக்கப்படும்போது அவர்களும் வெளியேறுவார்கள் என்பது பேச்சு. பேச்சில் இருந்த அந்தக் கால வரம்பு சட்டத்தில் ஏறவில்லை. 25 ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பரில், அவர்களை வெளியேற்றத் தனியாக ஒரு மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது.

அந்த விலக்கு உருவான நாள் முதல், 2025 செப்டம்பரில் புதிய மசோதாவுக்குப் பிரபுக்கள் சபை செய்த முக்கியத் திருத்தங்களை, மக்கள் தேர்ந்தெடுக்கும் கீழ்சபையான காமன்ஸ் சபை நிராகரித்தது வரையிலான காலத்தை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 92 என்ற எண்ணில் தவறில்லை. பரம்பரைப் பிரபுக்களை நீக்கும் முதல் கட்டத்தை, சபையை முழுமையாக மாற்றியமைக்கும் இரண்டாம் கட்டத்தோடு முடிச்சுப் போட்டதும், அந்த முடிச்சுக்குக் காலக்கெடு வைக்காததும்தான் தவறு. இரண்டாம் கட்டத்தை விரும்பாதவர்கள் கையில் முதல் கட்டத்தையும் நிறுத்திவைக்கும் வசதி அதனால் வந்து சேர்ந்தது.

1911-இல் கொடுத்த வாக்கு

1909 நவம்பரில் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜின் பட்ஜெட்டைப் பிரபுக்கள் சபை 350-க்கு 75 என்ற வாக்குகளில் நிராகரித்தது. நிதி விஷயத்தில் தலையிடுவதில்லை என்ற நீண்ட மரபு அத்தோடு உடைந்தது. இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்தன. தேவைப்பட்டால் நூற்றுக்கணக்கில் புதிய பிரபுக்களை நியமிக்க மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் சம்மதித்திருக்கிறார் என்பது தெரிந்த பிறகே, 1911 ஆகஸ்ட் 10 அன்று 131-க்கு 114 என்ற வாக்குகளில் பிரபுக்கள் சபை பணிந்தது. அப்படி வந்ததுதான் 1911 நாடாளுமன்றச் சட்டம். பண மசோதாக்களை ஒரு மாதத்துக்கு மேலும், மற்றவற்றை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் பிரபுக்கள் சபை தடுத்துவைக்க முடியாமல் போயிற்று. 1949-இல் இரண்டு ஆண்டு ஓராண்டாகக் குறைந்தது.

அந்தச் சட்டத்தின் முகப்புரை கவனித்துப் படிக்க வேண்டியது. பரம்பரை அடிப்படையை விட்டு மக்கள் அடிப்படையில் அமைந்த ஓர் இரண்டாம் சபையை ஏற்படுத்துவதே நோக்கம் என்றும், அதை உடனடியாகச் செய்ய இயலாது என்றும் அது சொல்கிறது. அதிகாரத்தைக் குறைக்கும் பகுதி சட்டமாயிற்று, உறுப்பினர்களை மாற்றும் பகுதி முகப்புரையோடு நின்றுவிட்டது. 1999-இல் அதே பிழை வேறு வடிவத்தில் திரும்ப வந்தது.

நடுவே சில படிகள் நடந்தன. 1958-இன் ஆயுட்காலப் பட்டச் சட்டம், வாரிசுக்குப் போகாத பட்டங்களைத் தர வழிசெய்தது. பெண்களும் அதன் வழியாகத்தான் சபைக்குள் முதல்முறை வந்தார்கள். 1963-இன் சட்டம் பரம்பரைப் பட்டத்தைத் துறக்க அனுமதித்தது. தந்தை இறந்ததும் விருப்பமில்லாமலே ஸ்டான்ஸ்கேட் விஸ்கவுன்ட் ஆகி, காமன்ஸ் இடத்தை இழந்த டோனி பென் நடத்திய போராட்டத்தின் பலன் அது. பரம்பரைப் பட்டம் பெற்ற பெண்கள் சபையில் அமரும் உரிமையும் அதே சட்டத்தில்தான் வந்தது.

1968-இல் பிரதமர் வில்சனின் தொழிலாளர் கட்சி அரசு ஒரு முழுத் திட்டமே கொண்டுவந்தது. அப்போதிருந்த பரம்பரைப் பிரபுக்கள் ஆயுள்வரை சபைக்கு வரலாம், பேசலாம், வாக்களிக்க முடியாது, வாரிசுகளுக்கு இடமில்லை. இரு கட்சித் தலைமைகளும் பேசி வகுத்த திட்டம்தான். அதைக் கவிழ்த்தது காமன்ஸ் சபையின் பின்வரிசை, அதாவது பதவி வகிக்காத சாதாரண உறுப்பினர்கள். சபையின் பழைய வடிவத்தைக் காக்க நினைத்த ஈனக் பவலும், சபையே வேண்டாம் என்ற மைக்கேல் ஃபுட்டும் ஒரே பக்கம் நின்று, எல்லா உறுப்பினர்களும் உட்காரும் முழுச்சபைக் குழுவில் திருத்தத்துக்கு மேல் திருத்தமாக விவாதத்தை இழுத்தார்கள். 1969 ஏப்ரலில் அரசு மசோதாவைக் கைவிட்டது. மேல்சபைச் சீர்திருத்தத்தைக் கையில் எடுக்கும் எவரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது. 'இது அதிகம்' என்பவர்களும் 'இது போதாது' என்பவர்களும் சேர்ந்தால் எந்தப் பெரிய திட்டமும் நிற்காது.

1997: சரியான சூத்திரம்

இந்த அனுபவத்தைத் தொழிலாளர் கட்சி உள்வாங்கியிருந்தது என்பதற்கு அதன் 1997 தேர்தல் அறிக்கையே சான்று. பரம்பரைப் பிரபுக்கள் அமர்ந்து வாக்களிக்கும் உரிமையைச் சட்டத்தால் முடிப்போம். இது தனித்து நிற்கும் முதல் சீர்திருத்தம், வருங்காலச் சீர்திருத்தம் எதையும் சார்ந்திருக்காது என்று அது தெளிவாகவே சொன்னது. சார்ந்திருக்காது என்பதுதான் அதில் உயிர்ச்சொல். அடுத்து எப்படிப்பட்ட சபை என்ற கேள்விக்குக் கட்சிக்குள்ளேயே ஒரே பதில் இல்லை. ஆகவே ஒத்த கருத்துள்ள பகுதியை மட்டும் பிரித்தெடுத்து முடித்துவிட வேண்டும் என்பது திட்டம்.

கட்சிக் கணக்கும் அவசரத்தைக் கூட்டியது. கன்சர்வேட்டிவ் வரிசையில் சுமார் முந்நூறு பரம்பரைப் பிரபுக்கள் இருந்தார்கள், தொழிலாளர் கட்சியிடம் இருபதுக்கும் குறைவு. காமன்ஸில் பெரும் வெற்றி பெற்ற அரசை மேல்சபையில் எப்போது வேண்டுமானாலும் தோற்கடிக்கலாம். 1998 நவம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் மசோதாவைப் பிரபுக்கள் சபை ஒரே கூட்டத்தொடரில் ஐந்து முறை திருப்பியனுப்பியது. கடைசியில் நாடாளுமன்றச் சட்டத்தின் துணையோடுதான் அது 1999 ஜனவரியில் சட்டமாயிற்று.

தேர்தல் அறிக்கையில் சொன்ன மசோதாவை, அதன் அடிப்படை நோக்கத்தை வாக்குக்கு விடும் இரண்டாம் வாசிப்பில் நிராகரிப்பதில்லை என்ற சாலிஸ்பரி மரபு 1945 முதல் இருக்கிறது. ஆனால் நிராகரிக்காமலே ஒரு மசோதாவை நோகடிக்க வழிகள் உண்டு. மேல்சபையில் ஒவ்வொரு திருத்தமும் விவாதிக்கப்படும், நேர வரம்பு வைத்து விவாதத்தை வெட்டும் அதிகாரம் அரசுக்குக் கிடையாது. அந்த ஒரு மசோதா மட்டுமல்ல, வரிசையில் நிற்கும் மற்ற மசோதாக்களும் தேங்கும். நாடாளுமன்றச் சட்டத்தைப் பயன்படுத்துவதென்றாலும், காமன்ஸில் முதல்முறை நடந்த இரண்டாம் வாசிப்புக்கும் அடுத்த கூட்டத்தொடரில் மசோதா மறுபடி நிறைவேறுவதற்கும் இடையில் ஓராண்டு கழிய வேண்டும். 1999 பிப்ரவரியில் இரண்டாம் வாசிப்பு நடந்த மசோதா 2000 பிறந்த பிறகே அந்த வழியில் சட்டமாகியிருக்கும். அதுவரை எல்லா வேலையும் முடங்கும் என்ற அச்சுறுத்தல்தான் எதிர்த்தரப்பின் கையில் இருந்த சீட்டு.

பேரம்

அந்தச் சீட்டை விளையாடியவர் மேல்சபைக் கன்சர்வேட்டிவ் தலைவர் கிரான்போர்ன் விஸ்கவுன்ட். அமைச்சரும் மேல்சபையில் தலைமை வகித்தவருமான லார்ட் சான்ஸலர் இர்வின் பிரபுவோடும், பிறகு பிரதமர் பிளேரோடும் அவர் பேசினார், தன் கட்சித் தலைவர் வில்லியம் ஹேக்குக்குத் தெரியாமல். பரம்பரைப் பிரபுக்களில் பத்தில் ஒரு பங்கினர் தற்காலிகமாக நீடிப்பார்கள். பதிலுக்கு மசோதா இழுத்தடிப்பில்லாமல் நிறைவேறும். 1998 டிசம்பர் 2 அன்று விஷயம் வெளியே வந்தது, ஹேக் அன்றே கிரான்போர்னைப் பதவி நீக்கினார். ஆனால் மேல்சபைக் கன்சர்வேட்டிவ்கள் உடன்பாட்டின் பக்கமே நின்றார்கள். அவர் இடத்துக்கு வந்த ஸ்ட்ராத்கிளைட் பிரபுவும் உடன்பாட்டைத் தொடர்ந்தார்.

எல்லோரையும் நீக்கும் வடிவில்தான் மசோதா 1999 ஜனவரி 19 அன்று காமன்ஸில் அறிமுகமாயிற்று. விலக்கு, பிரபுக்கள் சபையில் திருத்தமாக நுழைந்தது. கட்சி சாராத உறுப்பினர்களின் தரப்பில், காமன்ஸின் முன்னாள் சபாநாயகர் வெதரில் பிரபு அதை முன்மொழிந்ததால் அவர் பெயராலேயே அது அறியப்படுகிறது. மே 11 அன்று 351-க்கு 32 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அரசே விலக்கை எழுதிக் கொண்டுவந்தால் தேர்தல் அறிக்கையை மீறியதாகும். நடுநிலைக்காரர் கையால் வந்தால் அது சபையின் விருப்பம்.

92 பேரை ஏன் விட்டுவைக்க வேண்டும்? இர்வின் பிரபு மார்ச் 30 அன்று சபையில் தந்த விளக்கம் இது: இந்தப் பத்து விழுக்காடு இரண்டாம் கட்டம் நடந்தால்தான் போகும், எனவே இரண்டாம் கட்டம் நடக்கும் என்பதற்கு இதுவே உத்தரவாதம், ஏற்றுக்கொண்ட எல்லோரையும் இது மானப்பிரமாணமாகக் கட்டுப்படுத்தும். கிரான்போர்ன் தரப்பு இதையே செருப்பில் மணல் என்று சொன்னது. உறுத்திக்கொண்டே இருக்கும், அந்த உறுத்தலில் அரசு அடுத்த கட்டத்துக்கு நடந்தே தீரும் என்பது கணக்கு. தனித்து நிற்கும், எதையும் சார்ந்திராது என்று வாக்காளர்களிடம் சொன்ன சீர்திருத்தம், இப்படி ஓர் உத்தரவாதத்தோடு கட்டப்பட்ட சீர்திருத்தமாக மாறியது. நாங்கள் பிழை என்று குறிப்பிடுவது இந்த இடத்தைத்தான்.

விலக்கின் பாகங்கள்

92 என்ற எண் மூன்று கூறுகளால் ஆனது.

பதவி வழியில் இருவர். ஏர்ல் மார்ஷல் என்பது நார்ஃபோக் டியூக் குடும்பத்தின் பதவி. முடிசூட்டு விழா போன்ற அரச நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பு. லார்ட் கிரேட் சேம்பர்லின் பதவி சில குடும்பங்களுக்கிடையே ஆட்சி மாறும்போது கைமாறும். மூன்றாம் சார்ல்ஸ் அரியணை ஏறியபோது சம்லி மார்க்வெஸிடமிருந்து கேரிங்டன் பிரபுவுக்குப் போயிற்று.

கட்சிவாரியாக 75 பேர். சுமார் 750 பரம்பரைப் பிரபுக்களில் பத்தில் ஒன்று என்ற கணக்கு. கன்சர்வேட்டிவ் 42, கட்சி சாராதோர் 28, லிபரல் டெமாக்ரட் 3, தொழிலாளர் கட்சி 2. அந்தந்தக் குழுவின் பரம்பரைப் பிரபுக்கள் மட்டும் தங்கள் குழுவுக்கு வாக்களிப்பார்கள்.

துணைச் சபாநாயகர், குழுத் தலைவர் வேலைகளுக்கென்று 15 பேர். இவர்களை ஆயுட்காலப் பிரபுக்கள் உட்பட முழுச் சபையும் தேர்ந்தெடுக்கும்.

1999 அக்டோபர் இறுதியில் 15 பேருக்கும், நவம்பர் 3, 4 தேதிகளில் 75 பேருக்கும் தேர்தல் நடந்தது. நான் ஏன் நீடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு வேட்பாளரும் 75 சொற்களுக்குள் எழுதித் தரலாம். வென்றவர்களில் பெண்கள் ஐவர், ஐவரும் கட்சி சாராத வரிசையில். இதற்கு முன்பே எதிர்ப்பாளர்கள் சட்ட வழியிலும் முயன்று பார்த்தார்கள். ஸ்காட்லாந்துப் பிரபுக்களை நீக்குவது 1707 ஒன்றிய உடன்படிக்கைக்கு முரண் என்றும், அந்த நாடாளுமன்றத்துக்கு அழைப்பாணை பெற்று வந்துவிட்டவர்களை மசோதாவின் வாசகம் நீக்காது என்றும் இரண்டு வாதங்கள் சபையின் உரிமைகளை ஆராயும் சலுகைக் குழுவுக்குப் போயின, இரண்டும் தோற்றன. மூன்றாம் வாசிப்பு நடந்த அக்டோபர் 26 அன்று, செயின்ட் ஆல்பன்ஸ் டியூக்கின் வாரிசான பர்ஃபர்ட் ஏர்ல், லார்ட் சான்ஸலரின் கம்பளி இருக்கை மீது ஏறி நின்று கூச்சலிட்டார். நவம்பர் 11 அன்று அரச ஒப்புதல். 1999 அக்டோபரில் 1,330 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை 2000 மார்ச்சில் 700-க்குக் கீழே வந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற வரலாற்றில் இவ்வளவு பெரிய உறுப்பினர் குறைப்பு இவ்வளவு அமைதியாக நடந்ததில்லை. அந்த வகையில் பேரம் பலன் தந்தது என்பதையும் மறுக்க முடியாது.

காலியிடங்களுக்கான ஏற்பாட்டைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தொடக்கத்தில், யாராவது இறந்தால் தேர்தலில் அடுத்து நின்றவர் அந்த இடத்துக்கு வருவார். அடுத்த நாடாளுமன்றத்தின் முதல் கூட்டத்தொடர் முடிந்த பிறகுதான் இடைத்தேர்தல். 2001-இல் கூடிய நாடாளுமன்றத்தின் முதல் கூட்டத்தொடர் 2002 நவம்பரில் முடிந்தது. அதற்குள் இரண்டாம் கட்டம் முடிந்துவிடும், இடைத்தேர்தலே தேவைப்படாது என்பது பந்தயம். பந்தயம் தோற்றால் என்ன ஆகும் என்பதற்கு, இடைத்தேர்தல் காலவரையின்றித் தொடரும் என்ற பதிலே சட்டத்தில் இருந்தது.

மணல் ஏன் உறுத்தவில்லை

வேகம் ஆரம்பத்தில் இருக்கத்தான் செய்தது. வேக்கம் பிரபு தலைமையிலான அரச ஆணையம் 2000 ஜனவரியில் அறிக்கை தந்தது. 2003 பிப்ரவரி 4 அன்று காமன்ஸ் சபை முழு நியமனம் முதல் முழுத் தேர்தல்வரை ஏழு வழிகளை வாக்குக்கு விட்டு, ஏழையும் தோற்கடித்தது. 80 விழுக்காடு தேர்ந்தெடுக்கப்பட்ட சபை என்ற யோசனை மூன்றே வாக்குகளில், 281-க்கு 284 என்று விழுந்தது. 2007 மார்ச்சில் காமன்ஸ் 80 விழுக்காட்டையும் முழுத் தேர்தலையும் ஆதரித்தது, ஒரு வாரம் கழித்துப் பிரபுக்கள் சபை 361-க்கு 121 என்று முழு நியமனத்தை ஆதரித்தது.

2012-இல் கூட்டணி அரசின் துணைப்பிரதமர் நிக் கிளெக் கொண்டுவந்த மசோதா இவற்றில் மிக நெருங்கி வந்தது. 450 உறுப்பினர்கள், 80 விழுக்காடு தேர்தல், 15 ஆண்டு ஒரே பதவிக்காலம். ஜூலை 10 அன்று இரண்டாம் வாசிப்பு 462-க்கு 124 என்று நிறைவேறியது. ஆனால் 91 கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்களோடு தொழிலாளர் கட்சியும் சேர்ந்தால், விவாதத்துக்கு வரம்பு வைக்கும் நேர ஒதுக்கீட்டுத் தீர்மானம் தோற்கும் என்று தெரிந்து, அரசு அதை வாக்கெடுப்புக்கே விடவில்லை. அரசியல்சாசன மசோதா என்பதால் குழு நிலை முழுச்சபையில்தான் நடக்க வேண்டும். நேர வரம்பில்லாத முழுச்சபைக் குழு என்றால் 1969 மறுபடி வரும். ஆகஸ்டில் மசோதா கைவிடப்பட்டது. இரண்டாம் வாசிப்பில் கிடைத்த 338 வாக்கு வித்தியாசம் மசோதாவைக் காப்பாற்றவில்லை. இது போன்ற மசோதாக்களின் உயிர் நேர ஒதுக்கீட்டுத் தீர்மானத்தில் இருக்கிறது.

இத்தனைக்கும் நடுவே 92 பேரும் அப்படியே இருந்தார்கள். அவர்கள் அரசை உறுத்தும் கல்லாக இருப்பார்கள் என்ற கணக்கு ஏன் பொய்த்தது? ஏனென்றால் 1999-க்குப் பிறகு அரசை எரிச்சலூட்டிய அந்தப் பரம்பரைப் பெரும்பான்மை போய்விட்டது. 700 பேர் கொண்ட சபையில் 92 பேர் தனியாக எதையும் தீர்மானிக்க முடியாது. வலி குறைந்ததும் மருத்துவத்தின் அவசரமும் குறைந்தது. இன்னொரு பக்கம், தேர்ந்தெடுக்கப்பட்ட மேல்சபை தங்களுக்குப் போட்டியாகும் என்று அஞ்சிய காமன்ஸ் உறுப்பினர்களுக்கும், நியமன சபையே போதும் என்ற பிரபுக்களுக்கும் இருக்கிற நிலையே வசதியாக இருந்தது. 92 பேரை மட்டும் நீக்கலாமே என்று யாராவது கேட்டால், அது இரண்டாம் கட்டத்தோடுதான் என்று 1999-இல் வாக்குக் கொடுத்திருக்கிறோமே என்ற பதில் தயாராக இருந்தது. இரண்டாம் கட்டத்தை வரவழைக்கப் போட்ட முடிச்சு, இரண்டாம் கட்டம் வேண்டாதவர்களுக்குக் கேடயமாகிவிட்டது.

மூன்று வாக்காளர்கள், ஏழு வேட்பாளர்கள்

2024-இல் நிறுத்தப்படும்வரை இடைத்தேர்தல் நடைமுறை இப்படி இருந்தது. போட்டியிட விரும்பும் பரம்பரைப் பட்டதாரர்களின் பதிவேட்டை நாடாளுமன்றச் செயலர் வைத்திருப்பார். உறுப்பினர் ஒருவர் இறந்தாலோ, 2014 சட்டத்துக்குப் பிறகு ஓய்வு பெற்றாலோ, ஒரு கூட்டத்தொடர் முழுக்க வராமல் பதவி இழந்தாலோ, மூன்று மாதத்துக்குள் தேர்தல். விருப்ப வரிசை வாக்குமுறை. காலியான இடம் 75-இல் ஒன்றென்றால் அந்தக் கட்சியின் மீதமுள்ள பரம்பரை உறுப்பினர்கள் மட்டும் வாக்களிப்பார்கள், 15-இல் ஒன்றென்றால் முழுச் சபையும்.

2003 மார்ச்சில் நடந்த முதல் இடைத்தேர்தலில் 81 வேட்பாளர்கள், வென்றவர் அல்ஸ்வாட்டர் விஸ்கவுன்ட். 2016 ஏப்ரலில் லிபரல் டெமாக்ரட் இடம் ஒன்று காலியானபோது நிலைமை தலைகீழ். அந்தக் கட்சிக்கு எஞ்சியிருந்த பரம்பரை வாக்காளர்கள் மூவர், வேட்பாளர்கள் எழுவர். மூன்று வாக்குகளும் தர்ஸோ விஸ்கவுன்டுக்கு. அவர் 1995 முதல் பிரபுக்கள் சபையில் இருந்து, 1999-இல் வெளியேற்றப்பட்டு, 2001-இல் காமன்ஸ் உறுப்பினராகி, 2015-இல் மக்களிடம் தோற்றவர். மக்கள் வாக்கில் இழந்த நாடாளுமன்ற இடத்தை ஓராண்டுக்குள் மூன்று பேர் வாக்கில் திரும்பப் பெற்றார். அவருடைய தகுதியைப் பற்றி நாங்கள் ஒரு சொல்லும் குறைத்துச் சொல்லவில்லை, அவர் அனுபவசாலி. கேள்வி அந்த வழியைப் பற்றியது.

2021 ஜூலையில் இன்னொன்று. தொழிலாளர் கட்சியின் இடத்துக்கு ஒரே வேட்பாளர், போட்டியின்றித் தேர்வு: ஸ்டீபன் பென், மூன்றாம் ஸ்டான்ஸ்கேட் விஸ்கவுன்ட். 1963-இல் இதே பட்டத்தைத் துறப்பதற்காகச் சட்டத்தையே மாற்றவைத்த டோனி பென்னின் மகன். துறப்பு, துறந்தவர் ஆயுள்வரைதான் செல்லும், வாரிசைக் கட்டுப்படுத்தாது என்று 1963 சட்டம் சொல்கிறது. 2014-இல் தந்தை இறந்ததும் பட்டம் மகனுக்குப் போயிற்று. தனிமனித விருப்பத்துக்கு விட்டுவைத்தால் பரம்பரை உரிமை தானாக உயிர்த்தெழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பிழை இன்னும் இரண்டு இடங்களில் தெரிந்தது. 42, 28, 3, 2 என்ற ஒதுக்கீடு 1999-இன் கட்சிக் கணக்கை உறையவைத்தது. 15 பேரின் பங்கையும் சேர்த்தால் கன்சர்வேட்டிவ் 51, தொழிலாளர் கட்சி 4. மக்கள் எத்தனை முறை ஆட்சியை மாற்றினாலும் இந்த எண்கள் மாறவில்லை. அடுத்தது, பெரும்பாலான பட்டங்கள் ஆண்வாரிசுக்கே போகும் என்பதால் பதிவேட்டில் பெண்கள் பெயர் மிக அரிது. 1999-இல் வென்ற ஐந்து பெண்களில் கடைசியாக எஞ்சிய மார் கவுன்டஸ் 2020-இல் ஓய்வு பெற்றார். இடைத்தேர்தல் வழியாக ஒரு பெண்கூட வரவில்லை. அதன் பிறகு இந்த ஒதுக்கீடு முழுக்க ஆண்கள் வசம்.

சிறிய மசோதாக்களும் சிக்கின

குறைந்தபட்சம் இடைத்தேர்தலையாவது நிறுத்துங்கள், இருப்பவர்கள் இருக்கட்டும், இடம் காலியானால் நிரப்ப வேண்டாம் என்ற யோசனை பலமுறை வந்தது. ஸ்டீல் பிரபு தன் மசோதாவில் இதைச் சேர்த்தார், மற்ற பகுதிகள் தப்பவேண்டும் என்று இதை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 2016 முதல் குரோகாட் பிரபு இதற்கென்றே தனிநபர் மசோதாக்களைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். சபையில் பெரும்பான்மை ஆதரவு தெளிவாகவே இருந்தது. எதிர்த்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஆனால் தனிநபர் மசோதாக்களுக்கு ஒதுக்கப்படும் வெள்ளிக்கிழமைகள் சில, அதில் ஒரு மசோதாவுக்குக் கிடைக்கும் நேரம் சில மணி. இருவர் மூவர் பத்துப் பத்தாகத் திருத்தங்களைத் தாக்கல் செய்தால் போதும், நேரம் தீர்ந்துவிடும், கூட்டத்தொடர் முடிந்தால் மசோதாவும் முடியும். அரசு தன் நேரத்தில் ஒரு மதியத்தைக் கொடுத்திருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். எந்த அரசும் கொடுக்கவில்லை.

2024: முடிச்சை அவிழ்த்தல்

2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்த தொழிலாளர் அரசு இந்த வரலாற்றைப் படித்துத்தான் வந்திருக்கிறது என்பது மசோதாவைப் பார்த்தாலே தெரியும். முதல் வேலையாக, அதே ஜூலையில், சபை தன் நடைமுறைக்கு வைத்திருக்கும் நிலையாணைகளை மாற்றி இடைத்தேர்தல்களை நிறுத்திவைத்தார்கள். சட்டம் வரும்வரை புதிதாக யாரும் உள்ளே வர முடியாது. செப்டம்பர் 5 அன்று அறிமுகமான மசோதா மிகச் சிறியது. உயிர்ப்பகுதி ஒரே ஒரு நீக்கம்: 1999 சட்டத்தின் இரண்டாம் பிரிவை எடுத்துவிடு. முதல் பிரிவின் தடை விலக்கின்றி நிற்கும். மசோதா நிறைவேறும் கூட்டத்தொடரின் முடிவில் அது அமலுக்கு வரும். நடுக்கூட்டத்தொடரில் குழுக்கள் கலையாமலிருக்கவும், தேதி யாருடைய விருப்பத்தையும் சாராமல் இருக்கவும் அந்த ஏற்பாடு. ஏர்ல் மார்ஷலும் லார்ட் கிரேட் சேம்பர்லினும் சடங்குப் பணிகளைத் தொடர்வார்கள், இருக்கை மட்டும் போகும்.

80 வயதில் ஓய்வு, வருகைக் கட்டாயம் போன்ற வாக்குறுதிகளும் கட்சியின் தேர்தல் அறிக்கையில் இருந்தன. அவற்றையும் இதே மசோதாவில் சேருங்கள், பாதிச் சீர்திருத்தம் வேண்டாம் என்று எதிர்த்தரப்பு வலியுறுத்தியது. அரசு சேர்க்கவில்லை. எங்கள் பார்வையில் இந்த மறுப்புதான் மசோதாவின் மிகச் சரியான முடிவு. சேர்த்திருந்தால் 1968-உம் 2012-உம் திரும்ப வந்திருக்கும். காமன்ஸ் நவம்பர் 12 அன்று 435-க்கு 73 என்று நிறைவேற்றியது.

அதிகம் பேசப்படாத ஒரு பகுதி, பட்ட உரிமைக் கோரிக்கைகள். ஒரு பட்டம் யாருக்குச் சேரும் என்ற வழக்கைப் பிரபுக்கள் சபையே விசாரித்து வந்தது, ஏனென்றால் பட்டம் என்றால் இருக்கை. இந்தியாவோடு தொடர்புள்ள ஒரு வழக்கும் அதில் உண்டு. 1919-இல் பரம்பரைப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் வங்காளத்துச் சத்யேந்திர பிரசன்ன சின்ஹா. அவர் 1928-இல் மறைந்த பின், மகனின் உரிமையை ஏற்பதில் சிக்கல் எழுந்தது: இந்துச் சட்டம் பலதார மணத்தை அனுமதித்த காலத்தில் நடந்த திருமணத்தில் பிறந்த வாரிசை ஆங்கிலேயப் பட்டச் சட்டம் ஏற்குமா? குடும்பம் பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தது என்பது உட்பட ஆராய்ந்து, 1939-இல் கோரிக்கை ஏற்கப்பட்டது. இனி இருக்கை இல்லையென்றால் சபைக்கு அந்த வேலையும் இல்லை. மசோதா அந்த அதிகாரத்தை எடுத்துவிடுகிறது. கோரிக்கைகள், அரசருக்கு ஆலோசனை கூறும் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழுவுக்குப் போகும்.

பிரபுக்கள் சபை 2025 ஜூலை 2 அன்று 280-க்கு 243 என்று ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. இடைத்தேர்தல் மட்டும் முடியட்டும், இப்போது இருப்பவர்கள் ஓய்வோ மரணமோ வரும்வரை இருக்கட்டும் என்பது அது. இதற்குப் பின்னால் நியாயமான கவலை இருக்கிறது. பரம்பரை உறுப்பினர்களில் பலர் சபையின் உழைப்பாளிகள். சட்ட வரைவை வரி வரியாகப் படிப்பவர்கள், குழுக்களில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் அதில் உண்டு. குரோகாட் மசோதா கேட்டதும் ஏறக்குறைய இதுதான். 2016-இல் இதை எதிர்த்து நேரத்தைத் தின்றவர்களின் தரப்பு, 2025-இல் இதையே சமரசமாக நீட்டியது.

செப்டம்பர் 4 அன்று காமன்ஸ் அந்தத் திருத்தத்தை நிராகரித்தது. காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. இடைத்தேர்தல் வழியாக வந்தவர்களில் நடுவயதினரும் உண்டு. ஐம்பது வயதில் இருக்கும் ஒருவர் ஆயுள்வரை நீடிக்கலாம் என்றால், விலக்கு இன்னும் நாற்பது ஆண்டு செல்லும். அதுவும் நாடாளுமன்றம் வேறு சட்டம் இயற்றும்வரை என்ற 1999-இன் அதே வாசகத்தின் மேல். உழைப்பாளிகளைத் தக்கவைத்துக்கொள்ள வேறு வழி கைவசமே இருக்கிறது: 1958 சட்டத்தின்படி ஆயுட்காலப் பட்டம். 1999-இலும் வெளியேற்றப்பட்ட சிலருக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். அது அந்த ஒருவரோடு முடியும், மகனுக்கும் போகாது, காலியிடத்துக்கு வாரிசுப் பதிவேடும் வேண்டாம்.